மிச்சருக்கு மத்தியான மருந்து

கொடுத்தாயிற்று என்றுதான் நாகரத்தினம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே மருந்து கொடுக்கிற சின்ன சிரிஞ்சை எடுத்தவள், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கொடுத்தாயிற்று என்றால் இதை எதற்கு எடுத்தோம்? கை சும்மா எடுக்காது. இன்னும் கொடுக்கவில்லை என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, தலைக்குத்தான் தெரியவில்லை. இல்லை, கழுவிக் கவிழ்த்ததைத் துடைத்து டப்பாவில் போடுவதற்காக எடுத்திருக்கலாம். அப்படியென்றால் கொடுத்தாயிற்று. சிரிஞ்சின் நுனியைப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று சொல்ல முடியவில்லை. காலையில் கழுவியிருந்தாலும் இந்த மேகமூட்டத்தில் காய்ந்திருக்காது. கொஞ்ச நேரம் முன்னால் கழுவியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஹாலில் மூலையில் கூண்டு இருந்தது. கூண்டுக்குள் பழைய காட்டன் துண்டின்மேல் மிச்சர், வயிற்றில் தையலோடு, கட்டிவைத்த மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தது. பழுப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்து கொட்டின நிறத்துக்காக அந்தப் பெயரை வைத்தவர் அவள் கணவர் குழந்தைவேலு. மீனுக்குத் தீனி வாங்கப் போன மனுஷன் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். கினிப்பன்றியாம், பன்றியும் இல்லையாம், எலியும் இல்லையாம், வால்கூட இல்லை. மீன்கள் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இது மூன்று வருஷமாக, ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும்போதெல்லாம் விசில் அடித்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. இப்போது விசில் இல்லை. மூத்திரப்பையில் கல். அறுத்து எடுத்த டாக்டர் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினாள், சுண்டைக்காய் அளவு. இத்தனாம் பெரிய உடம்புக்குள் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கொத்தமல்லிக்கு ஓடி வந்ததோ. வலி மருந்து காலை, மத்தியானம், ராத்திரி. கூடக் கொடுத்தால் சின்ன உடம்பு தாங்காது. கொடுக்காமல் விட்டால் வலியில் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் இதுகளுக்குக் குடல் நின்றுபோகும், குடல் நின்றால் உயிரும் நின்றது மாதிரிதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டு அவள் தலையாட்டினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையாட்டினது, டாக்டர் மேஜைமேல் இருந்த பச்சை வாட்டர் பாட்டில், குழந்தைவேலு பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இன்று மத்தியானம் மட்டும் எங்கே போயிற்று?

கூண்டுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் காட்சி வந்தது, அதுதான் குழப்பமே. இடது கை மிச்சரின் தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. வலது கை சிரிஞ்சைப் பல்லுக்குப் பக்கவாட்டில் நுழைக்கிறது. அது முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒரு சொட்டு தாடையில் வழிந்து வெள்ளை முடியில் மஞ்சளாக நிற்கிறது. அவள் அதைத் துண்டின் ஓரத்தால் துடைக்கிறாள். இவ்வளவு தெளிவாக வருகிறதே, கொடுக்காமலா வரும்? ஆனால் இது இன்றைக்குக் கொடுத்ததா, நேற்றுக் கொடுத்ததா, இன்று காலையில் கொடுத்ததா? ஒரே கை, ஒரே சொட்டு, ஒரே தாடை. சரி, என்ன புடவை கட்டியிருந்தேன் என்று பார்ப்போம். பார்த்தாள். காட்சியில் புடவையே இல்லை, மணிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. சரி, என்ன சத்தம் கேட்டது? பக்கத்து ஃபிளாட்டில் குக்கர். பக்கத்து ஃபிளாட்டில் தினமும்தான் குக்கர். துண்டு? துண்டு மஞ்சள் கரை போட்டது. எழுந்து பால்கனிக்குப் போனாள். மஞ்சள் கரைத் துண்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டவில்லை, ஆனால் மடிப்பில் ஈரம் இருந்தது. இன்றைக்குத் துவைத்திருக்கிறாள். மருந்து கொடுத்த பிறகு துவைத்தாளா, முன்னாலேயா? துவைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று தேடினால் துவைத்ததும் இல்லை. பால்கனிக்கு அந்தப் பக்கம் வடவள்ளி ரோட்டில் பஸ் போனது, தூரத்தில் மருதமலை மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. மலை இருக்கிறது, மேகம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான், விலகினால் தெரியும் என்று சொல்லிப் பார்த்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை. மலை எங்கேயும் போகாது. போனது போனதுதான் என்கிற மாதிரி வேறு ஒன்று இருக்கிறதே. தாடை! தாடையில் வழிந்த மருந்து பிசுபிசுப்பாக இருக்குமே. ஓடி வந்து மிச்சரின் கழுத்தடியில் விரலை விட்டாள். அது நடுங்கிற்று. முடி ஓரிடத்தில் ஒட்டிக் குச்சியாக நின்றது. மருந்தா? காலையில் ஊட்டின புல்கூழா? மோந்து பார்த்தாள். புல் வாசம், மருந்தில் போடுகிற வாழைப்பழ வாசம், இரண்டும் வந்தது. இரண்டும் இப்போது அவள் விரலிலேயே நிரந்தரமாக இருந்தன.

சிரிப்புக்கூட வந்தது. முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவள் அவள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கைகள் நீளும், சீட்டைப் பிடித்த கைகள், சுண்ணாம்பு அப்பின கைகள், வளையல் கைகள், முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். இது வெறும் வயித்துல. இதை முழுங்கக் கூடாது, சப்பணும். யாராவது திரும்பி வந்து, அம்மா, போட்டனா போடலையான்னு தெரியலையே என்று கேட்டால் நிமிராமலே சொல்லுவாள்: சந்தேகம்னா போட வேண்டாம், அடுத்த வேளைக்குப் போட்டுக்கங்க. அத்தனை சுலபம். அதே விதி இப்போதும் இருக்கிறது, மாறிவிடவில்லை. சந்தேகமென்றால் கொடுக்காதே. ஆனால் கம்பிக்கு வெளியே நின்றவர்களுக்கு வாய் இருந்தது. வலித்தால் அம்மா வலிக்குது என்று திரும்பி வருவார்கள். இது வராது. இது வலியை ஒளித்துவைக்கிற ஜாதி, வலி தெரிந்தால் வேறு ஏதாவது பிடித்துத் தின்றுவிடும் என்று ரத்தத்திலேயே பயம் என்று டாக்டர் சொன்னாள். பல்லை நறநறவென்று தேய்த்தால், முடி சிலிர்த்துக்கொண்டால், அப்போது பாருங்கள் என்றாள். முடி சிலிர்த்திருக்கிறதா? சிலிர்த்த மாதிரியும் இருந்தது, எப்போதும் அது அப்படித்தான் என்கிற மாதிரியும் இருந்தது. எப்போதும் அது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா, மூன்று வருஷம் மடியில் வைத்திருந்தாளே. மருந்து பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்புக் கண்ணாடி. மருந்து லேபிளின் கீழ் ஓரத்துக்கு வந்திருந்தது. நேற்று எங்கே இருந்தது? கொடுப்பதே சில சொட்டு, அது குறைந்தால் என்ன தெரியும். கொடுத்ததும் காலண்டரில் ஒரு டிக் போடு என்று குழந்தைவேலு சொல்லியிருந்தார். எனக்கா என்று கேட்டாள். எனக்கா சொல்றீங்க, நான் எத்தனை பேருக்கு மருந்து குடுத்தவ. அவர் சிரிக்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். ஏன் சிரிக்கவில்லை?

அக்கா உப்பு போட்டாள். அதை நினைக்கக் கூடாது என்று இத்தனை நேரம் ஒதுக்கிக்கொண்டே வந்தாள், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது. கோபிச்செட்டிபாளையத்தில் அக்கா செல்லம்மா வீட்டில் அன்றைக்குப் பருப்புக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. மச்சான் தட்டைத் தள்ளிவிட்டு, கடல் தண்ணியையே கொண்டாந்து ஊத்திட்டியா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். போட்டனான்னு தெரியலை, அதனால போட்டேன், மறுக்கா போட்டனான்னு தெரியலை, அதனால மறுக்கா போட்டேன் என்று புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் வீட்டு வழி, அதற்கப்புறம் பிள்ளைகளின் பெயர். கடைசியாகப் போனபோது அக்கா இவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாக, நீங்க எந்த ஊருங்க என்று கேட்டாள். அந்த 'ங்க'தான் தாங்க முடியவில்லை. வாடி போடி என்று கூப்பிட்ட வாய். ஆனால் இது அது இல்லை. தூக்கம் போதவில்லை, மிச்சர் ஆபரேஷன் ஆகி வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் எழுந்து ஊட்டுகிறாள், யாருக்குத்தான் மறக்காது. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் எல்லாருக்குமா அது? அக்காவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள், தூக்கம் போதவில்லை என்று. சொன்னதே இவள்தான். மாத்திரைகூட எழுதி வாங்கித் தந்தாள். கொடுத்துவிடு, இன்னொரு தடவை கொடுத்துவிடு, வலியாவது இருக்காது. கை பாட்டிலிடம் போனது. போட்டனான்னு தெரியலை, அதனால போட்டேன். கையை இழுத்துக்கொண்டாள். பாட்டிலைப் பார்க்காமல் இருப்பதற்காக ஃபோனை எடுத்தாள்.

டாக்டர் பெனாசிர் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். இத்தனை சீக்கிரம் எடுப்பாள் என்று நாகரத்தினம் எதிர்பார்க்கவில்லை. என்ன சொல்வது என்று இன்னும் சேர்த்துவைத்திருக்கவில்லை.

"சொல்லுங்கம்மா, மிச்சர் எப்படி இருக்கான்?"

"இருக்கானுங்க டாக்டர். அது வந்து, மத்தியான மருந்து குடுத்தமா இல்லையான்னு ஒரு சந்தேகம்." வாய் அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை, தடுமாறிக்கொண்டே மேலே போயிற்று. "எங்க வீட்டுக்காரர்தான் குடுப்பாரு. அவருக்கு மறந்துபோச்சு. குடுத்தேங்கறாரு, குடுக்கலைங்கறாரு."

"அங்கிளா? பரவால்லம்மா. மறுபடி குடுக்காதீங்க. ராத்திரி வேளைக்குக் குடுத்துக்கலாம். இப்ப எப்படி உட்கார்ந்திருக்கான், கூனிட்டா?"

"கொஞ்சம் கூனித்தான். ஆனா கண்ணு முழிச்சிருக்குது."

"பல்லு தேய்க்கறானா?"

"இல்லீங்க."

"புழுக்கை போட்டானா?"

"போட்டிருக்கு. சின்னதா, அஞ்சாறு. காலையில பார்த்ததைவிடப் பச்சை கொஞ்சம் கம்மி, ஈரம் இருக்குது."

"நல்லாப் பார்க்கறீங்கம்மா. அப்ப நல்லா இருக்கான்னு அர்த்தம். கூழை ஊட்டுங்க. பல்லு தேய்ச்சா உடனே கூப்பிடுங்க. அங்கிளைத் திட்டாதீங்க, என்ன?"

நல்லாப் பார்க்கறீங்கம்மா. ஃபோனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதில் இருந்தது, திருடின பொருள் மடியில் இருப்பதைப் போல. இல்லாத மறதியை அந்த மனுஷன் தலையில் ஏற்றியாயிற்று. அவர், மில்லில் தன்கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்தில் எங்கோ பந்தியில் உட்கார்ந்து, தன் பெயருக்கு இப்படி ஒன்று சேர்ந்திருப்பது தெரியாமல், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பார். ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. தானாக வருகிறதும் தானாகப் போகிறதும் ஒரே இடத்திலிருந்துதானா? புல் தூளை வெந்நீரில் குழைத்தாள், கட்டி இல்லாமல், தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க. பெரிய சிரிஞ்சில் உறிஞ்சினாள். மிச்சரைத் துண்டோடு சேர்த்து மடிக்கு எடுத்தபோது வயிற்றில் சிரைத்த தோல் அவள் உள்ளங்கையில் பட்டது, சூடாக, முடி இல்லாமல், பிறந்த குழந்தையின் பிருஷ்டத்தைப் போல. தையல் முடிச்சுகள் எறும்பு வரிசை மாதிரி இருந்தன. கொஞ்சமாக அழுத்தினாள். அது வாயைத் திறக்கவில்லை, கூழ் உதட்டிலிருந்து திரும்பி வந்தது. இந்தா சாமி, ஒரு வாய். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் விட்டாள். தாடை அசைந்தது. ஒரு தரம், நின்று, மறுபடி. அப்புறம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி வேகவேகமாக மெல்லத் தொடங்கிற்று. மெல்லுகிறது. இதை நான் ஊட்டினேன், இப்போது, இந்த நிமிஷம், இது என் கை, இது பழுப்புப் புடவை, வெளியே மேகம். சத்தமாகவே சொன்னாள். சொன்னால் நிற்கும் என்று தோன்றியது. மிச்சர் அவள் குரலுக்குக் காதைத் திருப்பிற்று. கூழ் தீரும்வரைக்கும் ஒன்றும் குழப்பமாக இல்லை. தீர்ந்ததும், இது எத்தனையாவது சிரிஞ்சு என்று ஒரு கேள்வி மெதுவாகத் தலையைத் தூக்கிற்று. கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணம் காலி. நல்லவேளை, கிண்ணம் இருந்தது.

மிச்சரைக் கூண்டில் விடும்போது கதவு திறந்தது. குழந்தைவேலு கல்யாண வீட்டுப் பையும், அதில் தேங்காயும் வெற்றிலையும், இன்னொரு கையில் ஒரு கட்டு அருகம்புல்லும் கொத்தமல்லியுமாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டான்." அவர் வந்து உட்காரட்டும் என்று பொறுக்க அவளால் முடியவில்லை. "ஏனுங்க, மத்தியான மருந்து குடுத்தனா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

"நாந்தான் குடுத்தனே," என்றார் அவர். கொத்தமல்லியின் வேரை ஒடித்துக்கொண்டே, நிமிராமல், ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்காமல். "கெளம்பறதுக்கு முன்னாடி குடுத்துட்டுத்தான் போனேன். நீ துணி காயப்போட்டுட்டு இருந்தே."

அப்படியா என்று உடம்பெல்லாம் லேசாயிற்று அவளுக்கு. அவர் கொடுத்திருக்கிறார். நான் மறக்கவில்லை, மறப்பதற்கு ஒன்றும் நடக்கவே இல்லை, கொடுக்காத ஒன்றை எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும். ஒரு சிரிப்பு கிளம்பி உதடுவரைக்கும் வந்தது. அப்போது அவருடைய கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல். மில்லில் ஸ்பின்னிங் மெஷின் கடித்த விரல், அன்றிலிருந்து மடங்காது. அந்தப் பாட்டில் மூடி குழந்தைகள் திறக்கக் கூடாது என்று செய்தது, அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும்; மிச்சரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கு இரண்டு தரம் முயன்றுவிட்டு, நம்மால ஆகாது என்று அவளிடம்தான் நீட்டினார். சிரிப்பு உதட்டிலேயே நின்றது. அவர் பொய் சொல்கிறார். எனக்காகச் சொல்கிறார். அதுகூடப் பெரிதில்லை, எத்தனை வேகமாகச் சொன்னார். புதிதாகச் சொல்கிற பொய்க்கு ஒரு தடுமாற்றம் இருக்கும், அவளுக்கே ஃபோனில் இருந்தது. இவருக்கு இல்லை. இது பழகின பொய். கேஸ் எரிந்துகொண்டிருந்தபோது, நாந்தான் வெந்நீருக்கு வெச்சேன். வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் கிடந்தபோது, நாந்தான் பாலை வெக்கறப்ப வெச்சுட்டேன் போல. ஒரே நாளில் இரண்டு தரம் பால் வாங்கியிருந்தபோது, நாந்தான் பாயசத்துக்குன்னு சொன்னேன். அவருக்கு வயசாகிவிட்டது, பாவம், எல்லாவற்றையும் மறக்கிறார் என்று அவள் மனசுக்குள் அவருக்காக எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கிறாள். அதில் எது அவர், எது அவள்? எல்லாமே அவளா? சிலது உண்மையிலேயே அவராக இருக்குமா? பிரித்தெடுக்கப் பார்த்தாள், ஒன்றும் பிரியவில்லை. யாரோ முன்னாலேயே நடந்துபோய்ச் சரிசெய்து வைத்த வீட்டில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள். கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று அதுகூடத் தெளிவாக இல்லை.

எழுந்துபோய் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதைத் தொறங்க."

"எதுக்கு இப்போ?"

"சும்மா தொறங்க, பார்க்கலாம்."

அவர் கொத்தமல்லியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். மூடியை உள்ளங்கையால் அமுக்கினார். அது கடகடவென்று சும்மா சுற்றிற்று. இடது கையால் முயன்றார். மறுபடி சுற்றிற்று. அப்புறம் முயலவில்லை. பாட்டிலை வேட்டியின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எப்பத்திலிருந்து?" என்று கேட்டாள்.

"மாசி மாசம் இருக்கும். நீ நம்ம அக்காவுக்கு ஃபோன் போடணும்னு சொன்னே." அக்கா போய் அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "தூக்கக் கலக்கத்துல சொல்றேன்னு நெனச்சேன். அப்புறம் பயமாயிருச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ரத்னா. நாந்தான் நாந்தான்னு சொல்லிட்டா அப்படியே போயிரும்னு…"

அவளுக்கு அந்த ஃபோன் பேச்சு கொஞ்சமும் ஞாபகம் இல்லை. இருந்திருக்கும். அவர் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தாள், இது அந்த முகம் இல்லை.

"நான்கூட டாக்டர்கிட்ட உங்களுக்குத்தான் மறதின்னு சொல்லிட்டேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா சொல்லிட்டுப் போ."

"போகாதுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இவனுக்கா? நாளன்னிக்குத்தானே தையல் பிரிக்க வரச் சொன்னாங்க."

"எனக்கு."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் அவர் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த மடங்காத விரலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

"இனிமே மருந்தை நானே குடுக்கறேன், நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. குடுத்தா குடுத்தேன்னு சொல்லுங்க. குடுக்கலைன்னா குடுக்கலைன்னு சொல்லுங்க. எனக்கு நல்லா இருக்கும்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ளது என்னமோ அதைச் சொல்லுங்க."

"சரி."

"இப்பச் சொல்லுங்க. மத்தியானம் நான் குடுத்தனா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது ரத்னா."

அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அது எப்படி ஆறுதலாக இருக்க முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் இருந்தது. குழந்தைவேலு ஒரு கொத்தமல்லிக் காம்பைக் கம்பிக்குள் நீட்டினார். அது தெரிந்த ஒரே ஆளான மிச்சர் மூக்கைத் துடிக்கவிட்டு மோந்து பார்த்து, வயிற்றைக் கவனமாக இழுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து, இலையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது.